தலைமூடிக்குள் விழுந்த பந்து

நான் அடித்த கோல்ஃப் பந்து நேராக மேலே போய், அங்கே பறந்துகொண்டிருந்த கடற்காகங்களிடம் வழி கேட்டுவிட்டு, இறங்கி வந்து என் மழைக்கோட்டின் தலைமூடிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நம்ப வேண்டாம். முப்பத்தோரு வருடம் ஃபைஃப் கரையோரம் பேருந்து ஓட்டியவன் நான். நான் சொன்ன எதையும் ஒரு பயணிகூட நம்பியதில்லை. ஆனால் இது நடந்தது. அதற்குப் பின் நான் செய்ததை நினைத்தால்தான் இன்றும் காது சுடுகிறது.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அந்த வெட்ஜை வாங்கினேன். பந்தை அதிக தூரம் அனுப்பாமல் உயரமாகத் தூக்கிப் போடுகிற மட்டை. அதன் முகம், வெயில் காயும் கிழவனைப் போல வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது என்று கடைக்காரரே சொன்னார். அதனால்தான் வாங்கினேன். கொல்லையில் பழகினேன். பத்தில் ஒன்று அழகாக எழும்பி மெத்தென்று இறங்கும். மற்ற ஒன்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டின் கண்ணாடிக் கொட்டகையைத்தான் கேட்க வேண்டும்.

என் மனைவியின் அக்கா நெட்டா, பத்தொன்பது வருடமாக எங்கள் கிளப்பின் ஜோடிக் கேடயத்துக்காக ஆடி, பத்தொன்பது முறையும் தோற்றவள். ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும்; குறைந்த அடிகளில் குழிக்குள் போடும் ஜோடிக்கு வெற்றி. அந்த வருடம் அவளுடைய ஜோடிக்காரி இடுப்பு முறிந்து படுத்துவிட்டாள். வேறு நாதியில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டாள். ஏறக்குறைய அவள் தோளில் உட்கார்ந்தே இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன். எதிரே கிளப் தலைவர் பிர்ரியும் அவர் மனைவியும். கடைசிக் குழி வரை சமநிலை. அவர்களுடைய பந்து குழியருகே ஐந்தாவது அடிக்குக் காத்திருந்தது. எங்களுடையது மணற்பள்ளத்துக்கு இந்தப் பக்கம். மூன்றாவது அடி என்னுடையது; வெட்ஜை உருவினேன். கடல் பனிமூட்டம் இறங்கி, எதிரிகள் இருவரும் சாம்பல் நிழல்களாகத்தான் தெரிந்தார்கள்.

"யோவ் இயூன், அந்தச் சனியனப் பைக்குள்ள வை," என்றாள் நெட்டா. "பள்ளத்தச் சுத்தித் தரையோட உருட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நெட்டா, இன்னைக்கு நீ ஒரு கலையப் பாக்கப் போற."

"கலையாம் கலை! உன் முட்டி ஆடுறது எனக்கு இங்க கேக்குது."

கை முழுவதையும் வீசி அடித்தேன். பந்தும், ரொட்டித் துண்டு அளவுக்குப் புல்லும் மண்ணும் சேர்ந்து எழும்பின. மூட்டத்துக்குள் போன பந்து வெகு நேரம் வரவில்லை. இரண்டு தலைவர்கள் பதவிக்கு வந்து ஓய்வு பெறுமளவு நேரம். பிறகு பின்கழுத்தில் பொத்தென்று ஒரு தட்டு.

"எங்கேப்பா விழுந்துச்சு?" பிர்ரி கத்தினார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியல!"

என் கழுத்துக்குப் பின்னால் என்று எப்படிக் கத்துவது? இறைச்சிக் கடையிலும் தேவாலய வாசலிலும், என் பழைய பேருந்துப் பாதை நெடுகிலும், சாகும்வரை சிரிப்பார்கள். திரும்பிப் பார்த்தேன். நெட்டா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேடுவதுபோல் நடந்து போய், அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பித் தேடும்போது தலைமூடிக்குள் கைவிட்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளிப் பந்தை நழுவவிட்டேன். "இதோ இருக்கு!" என்ற குரல் என்னுடையது போலவே இல்லை. நெட்டா வந்து லேசாகத் தட்டிக் குழிக்குள் தள்ளினாள். பிர்ரி தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கை சூடாக இருந்தது. என்னுடையது ஐஸ்.

சாயங்கால விருந்தில் புகையிட்ட மீன் சூப் வந்தது. பிர்ரி எழுந்து, "நாப்பது வருஷத்துல இப்படி ஒரு அடிய நான் பாத்ததே இல்ல," என்றார். உண்மைதான், அவர் பார்க்கவே இல்லை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் எழுந்து, நடந்த அத்தனையையும் சொன்னேன். நழுவவிட்டதையும் சொன்னேன்.

கூடமே சிரித்தது. "அடுத்த தடவ பந்து உன் சட்டப் பைக்குள்ள விழும்டா!" என்றது ஒரு குரல். வாழ்நாளெல்லாம் நான் விட்ட கதைகள் வரிசையாக வந்து என்னைச் சூழ்ந்து நின்றுகொண்டன.

பிர்ரி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் மழைக்கோட்டின் தலைமூடிக்குள் கையை விட்டார். புல்லும் ஈரமண்ணும் விரலோடு வந்தன. சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அணைந்தது.

"அட மடையா," என்றார் மெதுவாக. "அப்பவே சொல்லியிருந்தா ஒரு தண்டனையும் கிடையாதே. நின்ன இடத்துலயே பந்தக் கீழ போட்டுட்டு ஆட்டத்தத் தொடர்ந்திருக்கலாம். அடுத்த அடி நெட்டாவோடது. அவ ஜெயிக்காம விடுவாளா?"

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை எனக்கு. சிரிப்பார்களே என்று பயந்து, அவள் நேர்மையாக ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டத்தை நான் திருடிக் கெடுத்திருந்தேன்.

நெட்டா மட்டும் விடவில்லை. "இவன் பேச்ச நம்பாதீங்க! போற வழியில புல்லு ஒட்டியிருக்கும். இவன் கல்யாணத்துலயே மோதிரத்தத் திமிங்கலம் முழுங்கிடுச்சுன்னு கத விட்டவன். பந்து அங்கதான் விழுந்துச்சு. நான் சொல்றேன்ல!"

"நெட்டா," பிர்ரி அவள் பக்கம் திரும்பினார். "அவனுக்குப் பின்னால பத்தடியில நின்னது நீ ஒருத்திதான். பொய்னு நீ சொல்லிட்டா கேடயம் உன்னோடதுதான். இவன் சொல்றது பொய்யா?"

கேடயம் அவள் மடியில் இருந்தது. சூப் தெறித்த ஓரத்தைத் துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு அதை மேசையின் நடுவே தள்ளி வைத்தாள்.

"தலைமூடிக்குள்ளதான் விழுந்துச்சு," என்றாள். "விழுந்ததப் பாத்துட்டுத்தான் நான் குனிஞ்சேன்."