எல்வி தொலைந்த ஞாயிறு

அன்செல்மோவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் பஸ் ஓட்டிய மனுஷன், இப்போது எந்த பஸ்ஸில் ஏறினாலும் நேரே முன்னால் போய், "எழுந்திருப்பா, இது என் சீட்டு" என்று டிரைவரின் தோளைப் பிடித்து இழுக்கிறார். போன மாசம் ஒரு டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே போய்விட்டான். டாக்சியிலும் இதே கூத்துதான். ஆகவே மகள் எல்வீரா அவரை நடத்தியே கூட்டிப்போவது என்று முடிவு செய்தாள்.

எங்கே என்றுதான் அவரிடம் சொல்லவில்லை. ஊரின் அந்தக் கோடியில், லெசாமா பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் ஒன்று காலியாகியிருந்தது. ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளைக் கொண்டுபோய் விட்டால் கட்டில் இவருக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. மறுபடி எப்போது ஒன்று காலியாகும் என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே கட்டில்கள் எப்படிக் காலியாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அப்பாகிட்ட ஒண்ணும் மூச்சு விடாதக்கா. சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னு சொல்லு" என்று தம்பி நெஸ்தோர் கோர்தொபா நகரத்திலிருந்து யோசனை சொன்னான். போனில் யோசனை சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆறு வருஷமாக அப்பாவுக்கு ஊட்டிவிட்டது, குளிப்பாட்டியது, ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு டிப்போவுக்குக் கிளம்பியவரைப் பிடித்து இழுத்துவந்தது எல்லாம் எல்வீராதான்.

"ஊர் சுத்தலாமாப்பா?" என்று காலையில் கேட்டாள்.

"போலாமே. ஆமா, நீங்க யாரு அம்மணி?" என்றார் அன்செல்மோ.

அதுவும் பழகிப்போயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் பெயர் அவர் வாயில் வரவில்லை. முதல் தடவை இப்படிக் கேட்டபோது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அழுகை நின்றது, கோபம் நின்றது, ஒவ்வொன்றாக எல்லாமே நின்றது. உள்ளே கையை விட்டுக் கிள்ளினாலும் வலிக்காது என்கிற மாதிரி மரத்துப்போனாள். இன்றைக்காவது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். அவருடைய பைஜாமாக்களையும் பல்செட் டப்பாவையும் பையில் எடுத்து வைத்தபோது, கடைக்குப் பால் வாங்கக் கிளம்புகிற மாதிரிதான் இருந்தது.

கபாஷீத்தோ பேட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரிவதாவியா சாலையைப் பிடித்து நடந்தார்கள். நவம்பர் வெயில் இதமாக இருந்தது. புத்திதான் போயிற்றே தவிர, கிழவருக்குக் கால்கள் இரும்பு. ஒரே ஒரு தொல்லை, ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் அவர் நிற்பார். இல்லாத கதவைத் திறப்பார். இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்ப்பார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே என்ன மாநாடு? பின்னாடி கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ இடம் கெடக்கு!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு சிரித்தார்கள், ஓரிருவர் நிஜமாகவே இரண்டடி நகர்ந்தும் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், ஒரு பைத்தியக்காரத்தனம் நடந்தால் அதில் சேர்ந்துகொள்ளத் தயங்க மாட்டார்கள். ஒன்சே கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிக்கடைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. அங்கே நிறுத்தத்துப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவனை அன்செல்மோ பிடித்துக்கொண்டார்.

"டேய் எருமை, புள்ளத்தாச்சி நிக்கிறா, கண்ணு தெரியல?"

அவன் பதறி எழுந்தான். பக்கத்தில் நின்ற குண்டுப் பெண் இடுப்பில் கையை வைத்தாள். "நான் ஒண்ணும் புள்ளத்தாச்சி இல்ல, தாத்தா."

"பரவால்ல, உக்காரு. ஆகும்போது கழிச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்தான் அதிகம். இது சிரிக்கிற விஷயம் என்று எல்வீராவுக்கும் தெரிந்தது. கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கிற மாதிரி அதைப் படித்துவிட்டு மேலே நடந்தாள்.

காங்கிரஸ் சதுக்கத்தில் காப்பியும் பிறைரொட்டியும் வாங்கிக் கொடுத்தாள். அவர் ரொட்டியைத் தோய்த்துத் தின்றபடி, எதிரே இருந்த நாடாளுமன்றத்தின் பெரிய கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது எப்ப கட்டுனாங்க?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா."

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து நெஸ்தோர் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு மனசே சரியில்லக்கா. நேத்து தூங்கவே இல்ல. நீ எப்படி இருக்க?"

"வெயில் அடிக்குது" என்றாள்.

"இல்ல, நீ எப்படி இருக்கன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேனே" என்று போனை வைத்தாள்.

மே அவென்யூவில் நடந்து, சான் தெல்மோவின் ஞாயிற்றுச் சந்தை நெரிசலில் முட்டி மோதி, லெசாமா பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. புல்வெளி முழுக்க ஜனம். அப்பாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே புகை கிளம்பிய அடுப்பண்டை போய்ச் சுட்ட தொத்திறைச்சி வைத்த ரொட்டி வாங்கினாள். இல்லத்தில் இரவுக்கு சூப்தான் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். திரும்பி வந்தால் பெஞ்ச் காலியாக இருந்தது.

நியாயமாக என்ன செய்ய வேண்டும்? அலறியிருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும். எல்வீரா பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் ரொட்டி சூடாக இருந்தது. அதைத் தின்றாள், கடைசித் துண்டுவரை நிதானமாக மென்று தின்றாள். காணாமல் போய்விட்டார் என்றால் இனி நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக் கண்டுகூட அவள் பயப்படவில்லை. எப்பேர்ப்பட்ட பாவி நான் என்று வாய்தான் சொன்னது.

அப்போதுதான் மேட்டுப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

பாட்டுக் கச்சேரிக்குத் தட்டுகிற தட்டல் இல்லை அது. எங்கள் நாட்டில் கடற்கரையில் பிள்ளை தொலைந்துபோனால் கண்டெடுத்தவர் அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தட்டுவார். சுற்றியிருப்பவர்களும் சேர்ந்து தட்டிக்கொண்டே உடன் நடப்பார்கள். சத்தம் கேட்டுப் பெற்றவள் தலைதெறிக்க ஓடி வருவாள். எங்களில் அப்படித் தோளில் ஏறாமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதனால் அந்தத் தட்டல் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் கை தானாகச் சேர்ந்துகொள்ளும். எல்வீரா எழுந்து சத்தம் வந்த பக்கம் நடந்தாள்.

கூட்டத்துக்கு நடுவில் தோளில் பிள்ளை எதுவும் இல்லை. அன்செல்மோதான் நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

கால்பந்துச் சட்டை போட்ட ஒருவன் அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தான். "தாத்தா, நீங்க தலைகீழா பண்றீங்க. புள்ளைய கண்டுபிடிச்சவங்கதான் தட்டணும். தொலைச்சவரு ஓடித் தேடணும்."

"நான் ஓடிட்டா, அவ இங்க வந்து பாத்துட்டு பயந்துடுவாளே! நான் விட்ட எடத்துலயே நிக்கிறேன். சத்தம் கேட்டா வந்துடுவா."

"மனுஷன் சொல்றது சரிதானே" என்றாள் கடலை மிட்டாய் விற்கிற தடித்த அம்மாள். "என்னடா வேடிக்கை? தட்டுங்கடா! பெரியவரே, புள்ள பேரென்ன?"

"எல்வி. ஏழு வயசு. முன்னாடி ரெண்டு பல்லு விழுந்திருக்கு, சிரிச்சா தெரியும்."

அம்பது பேர் இருக்கும், பூங்காவே அதிரத் தட்டினார்கள். எல்வீரா தன் பெயரைக் கேட்டபடி நின்றாள். அவர் கண் அவள்மேல் பட்டது.

"அம்மணி, நீங்களும் தட்டுங்க. என் பொண்ண காணோம்."

தட்டுவதற்கு அவள் கை எழவில்லை. இல்லத்தில் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"உங்க பொண்ணு கிடைச்சுட்டா" என்றாள். "பக்கத்துல ஒரு வீட்ல உக்கார வச்சிருக்காங்க. வாங்க, காட்டுறேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. கால்பந்துச் சட்டைக்காரன் அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டான். "நீ நல்லா இருப்பே" என்று கடலை மிட்டாய் அம்மாள் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். "புள்ளைக்குக் குடு. பயந்து போயிருக்கும்."

கிழவர் ஓடாத குறைதான். "அழறாளா? எதுவும் அடி படலியே? பசிக்குதுன்னாளா?" என்று வழியெல்லாம் கேட்டார். எல்வீராவால் ஈடுகொடுத்து நடக்க முடியவில்லை. இல்லத்தின் கதவை பெத்ரோனா என்கிற பராகுவேக்கார நர்ஸ் திறந்தாள். அன்செல்மோ அவளைத் தள்ளிக்கொண்டு, "எல்வி! எல்விக்குட்டி!" என்று சந்தோஷமாக உள்ளே போனார். திரும்பியே பார்க்கவில்லை.

"பரவால்லையே! முதல் நாள் வாசப்படி தாண்ட வைக்கிறதுக்குள்ள எங்களுக்கு உசிரு போயிடும். என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று பையை வாங்கிக்கொண்டாள் பெத்ரோனா. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கதவைச் சாத்தினாள்.

முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். எல்வீரா தெருமுனை வரை போயிருப்பாள்.

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. முதலில் ஒரு ஜோடிக் கை. பிறகு இன்னொன்று. பிறகு அந்த வீடு மொத்தமும் தட்டியது. முனையில் பெட்டிக்கடைக்காரர் சில்லறையை வைத்துவிட்டுத் தானும் தட்டத் தொடங்கினார். "யாரு புள்ளம்மா?" என்று அவளையே கேட்டார்.

எல்வீராவுக்கு எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது. திரும்பி ஓடி, அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், பேச்சே மறந்தவர்கள், தங்கள் பெயரே தெரியாதவர்கள் எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்கன்னா யாரு கேக்கறா?" என்று பெத்ரோனா தலையில் கை வைத்தாள். நடுவில் அன்செல்மோ வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எல்வீரா அவர் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா. நான்தாம்பா எல்வி. வந்துட்டேன்ப்பா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க நல்லவங்க அம்மணி. ஆனா எல்விக்கு ஏழு வயசுதான் ஆவுது."

அவள் வாய்விட்டு அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைகள் அழுகிற மாதிரி அழுதாள். அன்செல்மோ தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அடடா, அழாதீங்க. உங்களுக்கும் யாராச்சும் தொலைஞ்சுட்டாங்களா?"

"ஆமா. எங்கப்பா."

"எப்ப?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா."

"பேரு?"

"அன்செல்மோ."

"அட, என் பேரு!" அவர் முகம் மலர்ந்தது. நகர்ந்து பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். "உக்காருங்க, உக்காருங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே தட்டுவோம்."

எல்வீரா உட்கார்ந்து தட்டினாள்.