அறவாழிச் செம்மலின் மேன்முறையீடு

வேலணையில் தன்னைவிட நேர்மையான மனிதர் இல்லை என்பது சுதாகரனின் நீண்டகால அபிப்பிராயம். அரச அலுவலகம் ஒன்றில் பதினாறு வருடமாகக் கிளாக்கராக இருப்பவர். ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அதற்கான சுற்றறிக்கை எங்கேயாவது இருக்கத்தான் செய்யும், தேடித்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. அவர் தேடி எடுப்பார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்திமூன்று வயதில் பூதங்களோடு சண்டை பிடிக்கப் போனதற்குக் காரணம் கோபிகா ரீச்சரின் தம்பி ஷாருஜன். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது ஒரு பெட்டியை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். உள்ளே முந்நூறு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகமும், இருபது முகம் கொண்ட உருட்டுக் கட்டை ஒன்றும் இருந்தன. விளையாட்டு சிக்கலானதல்ல. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, "நான் இதைச் செய்யிறன்" என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். வெற்றி தோல்வி என்று ஒன்றும் கிடையாது. முந்நூறு பக்க விதி என்று கேள்விப்பட்டதுமே சுதாகரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஊர்காவற்றுறையில் ஜெனீற்றா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவார்கள். கதை சொல்பவள் ஜெனீற்றா. மருந்துக் கடை நடத்துபவள். டொக்டர்மாரின் கையெழுத்தையே வாசிப்பவளுக்கு விதிப்புத்தகம் ஒரு பொருட்டா என்று எல்லாருமாக அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் அன்ரனிதாஸ், 'சூடை' என்ற மீனின் பெயரில் கள்ளனாக வந்தான். கணிதம் படிப்பிக்கும் கோபிகா சூனியக்காரி. பாத்திரத்தின் பெயர் கேட்டபோது "பிறகு சொல்லுறன்" என்றாள். எட்டு மாதமாகக் கதைக்குள் அவள் பெயர் 'பிறகு'தான்.

சுதாகரன், அறவாழிச் செம்மல். வெள்ளிக் கவசம், வெள்ளைக் குதிரை, ஒளி வீசும் வாள். வாளின் ஒளி சும்மா வருவதில்லை, மூன்று சத்தியங்களின் பலன் அது. பொய் சொல்லேன், எளியவரைக் கைவிடேன், சரணடைந்தவரை வெட்டேன். இவற்றை அவர் அலுவலகக் கடதாசியில் ரைப் பண்ணி, கையொப்பமிட்டு, திகதியும் போட்டு வைத்திருந்தார். அலுவலகக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிச் சத்தியங்களில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த எட்டு மாதமும் மற்ற இருவரின் ஒழுக்கமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. சந்தையில் ஒரு வியாபாரியின் மடியைத் தடவிய சூடையைக் காதில் பிடித்துக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். மந்திரம் தவறி ஒரு கள்ளுக்கொட்டிலைக் கொளுத்திய 'பிறகு'வுக்கு ஒரு மணித்தியாலம் உபதேசம் செய்தார். உண்மையான ஒரு மணித்தியாலம். தேநீர் ஆறிப்போனது.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தச் சம்பவம் நடந்தது. பூதங்கள் ஓர் ஊரின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கடத்திக் குகைக்குள் வைத்திருந்தன. வாசலில் காவல் நின்ற குட்டிப்பூதம் ஒன்று இவர்களைக் கண்டதும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கியது. அதைக் கயிற்றால் கட்டினார்கள். "என்னை உயிரோட விட்டால் வழி காட்டுறன்," என்றது பூதம், ஜெனீற்றாவின் குரலில்.

"செம்மல் சத்தியம் பண்ணுறார்," என்றார் சுதாகரன். "பிள்ளையள் கிடைச்ச உடனை உன்னை அவிட்டு விடுவன்."

பூதம் நம்பியது. வழி காட்டியது. பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். செம்மல் சொன்ன சொல் தவறாமல் கயிற்றை அவிழ்த்தார். பூதம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தது.

"இப்ப வெட்டுறன்," என்றார் சுதாகரன்.

மிக்ஸரை அள்ளப்போன கோபிகாவின் கை அப்படியே நின்றது. "ஆரை?"

"பூதத்தை. முதுகு காட்டிக்கொண்டெல்லோ போகுது."

எதிரியை வெட்டினால் புள்ளி கிடைக்கும், புள்ளி சேரச் சேரப் பாத்திரம் படி ஏறும். ஐந்தாம் படிக்கு ஏறுவதற்குச் செம்மலுக்கு நாற்பது புள்ளி குறைவாக இருந்தது. குட்டிப்பூதம் ஒன்றுக்கு ஐம்பது புள்ளி. ஒருவரும் வாயெடுப்பதற்குள் அவர் கட்டையை உருட்டினார். பதினேழு விழுந்தது.

ஜெனீற்றா புத்தகத்தை மூடினாள். "பூதம் செத்துப் போச்சு, அண்ணை. உங்கட வாளின்ர ஒளியும் அணைஞ்சு போச்சு."

"ஏன்?" சுதாகரன் உண்மையிலேயே திடுக்கிட்டார். "அவிட்டு விடுவன் எண்டனான், விட்டனான். விட்ட பிறகு அது கைதி இல்லை. கைதி இல்லாட்டி எதிரி. எதிரியை வெட்டுறதுக்குத் தடையில்லை."

"அது சரணடைஞ்சது."

"அது முந்தி. அந்தச் சரணடைவு காலாவதியாப் போச்சு."

அதுவரை சும்மா இருந்த அன்ரனிதாஸ் நிமிர்ந்தான். "கையைத் தூக்கிக்கொண்டு வந்ததை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். பாத்துப்போட்டு இப்பிடிக் கதைக்கிறியள்."

அது கள்ளன் சூடையின் குரல் அல்ல. அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் நீண்டால் யுத்தம் முடிந்த நாட்களில் போய் நிற்கும் என்று நாலு பேருக்கும் தெரியும். றோட்டால் மீன் லொறி ஒன்று கோர்ண் அடித்துக்கொண்டு போனது.

"இது விளையாட்டுத்தானே," என்றார் சுதாகரன்.

"விளையாட்டிலையுமோ, அண்ணை?" என்று கேட்டுவிட்டு அன்ரனிதாஸ் எழுந்து போனான்.

மறுநாள் அலுவலகத்தில் சனம் வரிசையில் நிற்க, சுதாகரன் அவசர அலுவல் ஒன்றில் மூழ்கியிருந்தார். மூன்று பக்கத்தில் மேன்முறையீடு. ஒன்பது பந்திகள். நான்காவது பந்தி இப்படி இருந்தது: 'மேற்படி பூதம் தனது கைகளை உயர்த்தியமை சரணடைவுதான் என்பது ஐயந்திரிபற நிரூபிக்கப்படவில்லை. அது சோம்பல் முறித்திருக்கவும் கூடும்.' ஜெனீற்றாவுக்கு ஒரு பிரதி, கோபிகாவுக்கு ஒரு பிரதி, கோவையில் கோத்து வைக்க ஒன்று. அன்ரனிதாஸுக்கு இல்லை, அவன் பக்கச்சார்பான சாட்சி.

வீட்டில் அதை வாசித்த மனைவி நிமலினி, நான்காவது பந்தியில் நின்றாள். "இஞ்சருங்கோ, அது சோம்பல் முறிச்சதெண்டோ நீங்கள் நினைச்சனீங்கள்?"

"நான் என்ன நினைச்சன் எண்டது முக்கியமில்லை. நிரூபிக்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி."

"உங்களிட்டை அலுவலுக்கு வாற சனம் பாவம்," என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தாள். சுதாகரன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மேன்முறையீட்டுக்கு ஒரு மேல் நீதிமன்றம் வேண்டுமே. படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். அடுத்த ஞாயிறு, எல்லாரும் இருக்க, குரல்பதிவாக வந்திருந்த ஷாருஜனின் தீர்ப்பைப் போனில் சத்தமாகப் போட்டார். "அண்ணை, பழைய பதிப்பில எண்டால் ஒளி போகும். உங்களிட்டை இருக்கிற புத்தகத்தில அப்பிடி ஒரு விதி இல்லை. நீங்கள் சொல்லுறதுதான் சரி. ஆனால்…" அந்த 'ஆனால்' வந்த இடத்தில் சுதாகரன் போனை நிற்பாட்டினார்.

ஜெனீற்றா கொஞ்சமும் வாதாடவில்லை. "சரி, அண்ணை. ஒளி வந்திட்டுது. ஐம்பது புள்ளியும் போடுங்கோ."

ஐந்தாம் படியில் ஏறிய செம்மலுக்கு அதன்பிறகுதான் சனி பிடித்தது. வழிப்பறிக்காரர் ஆறு பேரை மூவரும் சுற்றி வளைத்தார்கள். "ஆயுதத்தைக் கீழை போடுங்கோ, உயிரோட விடுறன். சத்தியம்," என்றார் செம்மல். ஆறு பேரும் சிரித்தார்கள். "நீதானே அந்தச் செம்மல்?" என்று கேட்டுவிட்டுக் கடைசி ஆள் வரைக்கும் நின்று அடிபட்டார்கள். அதில் 'பிறகு'வின் கை முறிந்தது. அடுத்த வாரம் கைகாலில்லாமல் கிடந்த ஒரு பூதம்கூடச் சரணடைய மறுத்துக் கடித்தது. சத்திரங்கள் கதவைத் திறக்கவில்லை. தோணிக்காரன் கள்ளன் சூடையை ஏற்றிக்கொண்டு, செம்மலை நீந்தி வரச் சொன்னான்.

"இது எந்தப் பக்கத்தில இருக்கிற விதி?" என்று மூன்றாவது ஞாயிறு சுதாகரன் வெடித்தார்.

"விதி இல்லை, அண்ணை. சனம் கதைக்குது."

"பூதந்தான் செத்திட்டுதே. ஆர் போய்ச் சொன்னது?"

"பன்னிரண்டு பிள்ளையள் பாத்துக்கொண்டெல்லோ நிண்டவை," என்றாள் ஜெனீற்றா.

சுதாகரன் மனதுக்குள் மேன்முறையீட்டைப் புரட்டினார். ஒன்பது பந்தியில் ஒன்றில்கூட அந்தப் பிள்ளைகள் வரவில்லை. காப்பாற்றிய பிறகு அவர்கள் எங்கே நின்றார்கள் என்று அவர் யோசிக்கவேயில்லை. அன்று மோட்டார் சைக்கிளில் வேலணைக்குத் திரும்பும் வழியெல்லாம் பன்னிரண்டு முகங்கள் அவரோடு வந்தன. இல்லாத பிள்ளைகளின் முகங்கள் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

நாலாவது ஞாயிறு மூவரும் ஒரு மலைக்கணவாயில் அகப்பட்டார்கள். பின்னால் பனி, முன்னால் ஒரே பாலம், பாலத்தில் பூதங்கள். காய்ச்சல் கண்டு 'பிறகு' சாகக் கிடந்தாள். சூடை தனியே போய்ப் பேசிவிட்டு வந்தான். பூதங்கள் பாலத்தைத் தருமாம், ஆனால் குட்டிப்பூதத்தை வெட்டினவன் வாளில்லாமல் வந்து, தான் என்ன செய்தான் என்று சொல்ல வேண்டுமாம்.

"சரி, போறன். எந்தக் கட்டையை உருட்டுறது?"

"ஒண்டும் இல்லை," என்றாள் ஜெனீற்றா. "சொல்லுங்கோ."

சுதாகரன் தொண்டையைச் செருமினார். "மதிப்புக்குரிய பூதங்களே, மேற்படி சம்பவம் தொடர்பாக…"

"இவன் என்ன பாஷையிலை கதைக்கிறான்?" என்றது பூதங்களுக்குத் தலைமையாக நின்ற ஒரு கிழப்பூதம், ஜெனீற்றாவின் குரலில்.

அவர் நிறுத்தினார். மீண்டும் தொடங்கினார். 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லோடு அதுவும் நின்றுபோனது. மூன்று பக்கம் எழுதிய மனிதருக்கு மூன்று சொல் வரவில்லை. எதிரே அன்ரனிதாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்க மாட்டான் போலிருந்தது.

"அது கையைத் தூக்கினது," என்றார் சுதாகரன் கடைசியில். "நான் கண்டனான். கண்டும் வெட்டினனான். எனக்கு நாப்பது புள்ளி குறைஞ்சிருந்தது."

சிரிக்கக்கூடிய வசனம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"செத்தவன்ர பேர் என்ன?" என்று கேட்டது கிழப்பூதம்.

"தெரியாது. கேக்கேல்லை."

பூதங்கள் மன்னிக்கவில்லை. மற்ற இருவருக்கும் பாலத்தை விட்டன. செம்மலைக் கட்டிக் கொண்டுபோயின. சுதாகரனின் கை பழக்கதோஷத்தில் விதிப்புத்தகத்தை நோக்கிப் போனது. கைதிகள் பற்றி நிச்சயம் ஏதாவது ஒரு பக்கம் இருக்கும். பாதிவழியில் கையை இழுத்து, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி," என்றார். "செம்மல் போறார்."

சுதாகரன் வீட்டுக்குப் புறப்பட்டபோது வாசல் படலையடியில் அன்ரனிதாஸ் நின்றான். ஒரு மாதமாக விளையாட்டுக்கு வெளியே அவரோடு ஒரு சொல் பேசாதவன். "நாளைக்கு வலையில விளைமீன் பட்டால் ரெண்டு எடுத்து வைக்கட்டோ, அண்ணை?" என்று கேட்டான். "ஓம், எடுத்து வையும்," என்றார் சுதாகரன்.

அடுத்த ஞாயிறு அவர் புதுப் பாத்திரத்தோடு வந்தார். சமையல்காரன். சத்தியம் ஒன்றும் கிடையாது, ஒளியும் கிடையாது, சொத்து என்று ஓர் அகப்பை மட்டும். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. அது ஐந்து நிமிடம் நீடித்தது. பிறகு சுதாகரன் புத்தகத்தை விரித்து, அகப்பை என்பது சமையல் உபகரணமா அல்லது ஆயுதமா, ஆயுதமென்றால் ஒரு கை ஆயுதமா இரு கை ஆயுதமா என்று விசாரணையைத் தொடக்கினார். நாற்பது நிமிடம் போனது. கோபிகா மிக்ஸர் போத்தலை முடித்துவிட்டாள்.