ஓவர்டைம்

"சும்மா கத்திகினு இருந்தா ஆவாதும்மா. நாயமா எழுதிப் பாத்துடலாம்" என்று சொல்லி, லோகநாதன் காலண்டரிலிருந்து ஒரு தேதித்தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினான். நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். இடது பக்கம் லாபம், வலது பக்கம் நஷ்டம்.

அவனுடைய அண்ணி ராஜாத்தி அடுக்களை வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். வழக்கு அவளுடையது. தீர்ப்புச் சொல்லுகிற இருவர், கொழுந்தன் லோகநாதனும் மாமியார் கெங்கம்மாவும், கூடத்தில் இருந்தார்கள். அவளை யாரும் அங்கே கூப்பிடவில்லை.

அவள் புருஷன் வரதன் ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். டைபாய்டு வந்து பதினெட்டு நாளில் போய்விட்டான். ராஜாத்தி டைப்பு பாஸ் பண்ணியவள் என்பதால் முதலாளி அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இது நடந்து மூன்று வருஷம். இப்போது, 1951 ஜூன் மாதத்தில், தம்புச்செட்டித் தெருவில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே மாலை வகுப்பு ஒன்று ஆரம்பிக்கிறார்கள். வாணிப நிர்வாகம், இரண்டு வருஷப் படிப்பு, தினமும் ஆறிலிருந்து எட்டு. பாஸ் பண்ணினால் செக்‌ஷனுக்கே தலைமைக் குமாஸ்தா ஆக்குவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

லோகநாதன் நியாயஸ்தன். முதலில் லாபத்தைத்தான் எழுதினான். சம்பளம் கூடும். கம்பெனியில் மரியாதை. வேலை நிரந்தரம். மூன்று வரி எழுதிவிட்டு வலது பக்கம் வந்தான்.

"பீஸு" என்றான். "அப்பாலே டிராம் சார்ஜு."

"ராத்திரி சோறு யாரு ஆக்கறது?" என்றாள் கெங்கம்மா. "எனக்கு முட்டி ரெண்டும் பூடுச்சு."

அதையும் எழுதினான். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"இன்னொண்ணு கீதும்மா. தெரு."

"அத்தச் சொல்லு மொதல்ல! தாலியறுத்தவ வெளக்கு வெச்சப்பறம் எட்டரை மணிக்கு வூட்டுக்கு வந்தா நாலு பேரு இன்னா பேசுவான்? ஒனக்கு வேற பொண்ணு பாத்துகினு கீறோம்."

லோகநாதன் "தெரு" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். அதற்கு மேல் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது? எதிரே மூன்று வரி என்ன, முப்பது வரி இருந்தாலும் அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

"தப்பா நெனைக்காத அண்ணி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"சரி தம்பி" என்றாள் ராஜாத்தி. அவளுக்கு அழுகை வரவில்லை. நெற்றி வெறுமையாகி, வெள்ளைப்புடவை வந்து, கல்யாணவீட்டுப் பத்திரிகைகளில் தன் பேர் விட்டுப்போன காலத்திலேயே அழுகை வருகிற இடம் மரத்துவிட்டது. காலையில் அவள் எதிரே வந்துவிட்டால் லோகநாதன் உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். ஒன்றாம் தேதி சாயங்காலம் மட்டும் தானே வாசலுக்குப் போய் அவளுக்கு எதிரே நிற்பான். அதற்கும் அவள் பழகியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

செப்டம்பரில் துறைமுகத்தில் சரக்கு தேங்கிவிட்டது. பில் அடித்து மாளவில்லை. எட்டு மணி வரை இருந்து அடிக்க வேண்டும், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி என்று கம்பெனியில் சொன்னார்கள். ராஜாத்தி வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தாள்.

இந்தத் தடவை யாரும் தேதித்தாளைக் கிழிக்கவில்லை.

"கம்பெனி வேலைன்னா இன்னா பண்றது? போய்த்தான் ஆவணும்" என்றாள் கெங்கம்மா. "சோத்த நான் ஆக்கிக்கறேன்."

"டிராம்ல அல்லாரும் வர்ற நேரம்தான் அண்ணி. பயமே வோணாம்" என்றான் லோகநாதன்.

நாலு மாசம் அவள் எட்டரை மணிக்குத்தான் வண்ணாரப்பேட்டை டிராமிலிருந்து இறங்கினாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். எதிர்வீட்டு மங்கம்மா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "பாவம், அந்தப் பொண்ணு மாடா ஒழைக்குது" என்றாள். தெரு பேசிய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். கெங்கம்மாவின் முட்டிவலிகூட என்ன மாயமோ, நாலு மாசமும் அடுப்படிக்கு வரவில்லை.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஜனவரி சம்பளம் வாங்கிக்கொண்டு ராஜாத்தி வந்தபோது லோகநாதன் வழக்கம்போல வாசலில் நின்றிருந்தான். கவரை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா அண்ணி, லேசா கீது? ஓவர்டைம் துட்டு எங்க?"

"ஓவர்டைம் டிசம்பரோட நின்னு போச்சு தம்பி."

"அப்ப போன மாசம் பூரா தெனம் எட்டரை மணிக்கு வந்தியே?"

"கிளாசுக்குப் போனேன். ஜனவரியில புதுசா சேத்தாங்க. பீஸ கம்பெனியே கட்டிட்டு மாசாமாசம் சம்பளத்துல புடிச்சிக்கறாங்க."

குரலை உயர்த்தவில்லை. பில்லில் உள்ளதைப் படிக்கிறமாதிரி சொன்னாள். கெங்கம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! வோணான்னு தலபாடா அட்சிகினமே! தெரு இன்னா பேசும்?"

"இன்னா பேசுச்சு அத்தே?"

கெங்கம்மா மகனைப் பார்த்தாள்.

"நாலு மாசம் ஓவர்டைமு, ஒரு மாசம் கிளாசு. அதே டிராமு, அதே நேரம். எது எந்த நாளுன்னு தெருவுக்குத் தெரிஞ்சுதா? கூடவே கீற ஒங்களுக்கே தெரில. நான் நிறுத்தப் போறதில்ல அத்தே."

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனான். மங்கம்மாவும் இன்னும் ஐந்தாறு பேரும் தண்ணீருக்கு நின்றிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படி, "எங்கண்ணி ராத்திரியில எங்க சுத்திகினு வருதுன்னு எங்க வூட்டுக்கே தெரிலம்மா. கம்பெனியில ஓவர்டைமே கெடயாதாம்" என்றான்.

ஐந்து மாசம் ஒன்றும் பேசாத தெரு அன்றைக்குத்தான் பேச ஆரம்பித்தது. பேச்சை எடுத்துக் கொடுத்தது அவள் சொந்த வீடு.

மறுநாள் அவள் டிராமிலிருந்து இறங்கி நடந்தபோது வாசலுக்கு வாசல் தலைகள் தெரிந்தன. மங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கூச்சமும் இல்லாமல், நோட்டுப் புத்தகத்தை எல்லோருக்கும் தெரிகிறமாதிரியே பிடித்துக்கொண்டு, ராஜாத்தி தெருவின் நடுவே நடந்து வந்தாள். வீட்டுக் கதவைத் தாழ் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் கையை வைத்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. மார்ச் மாதத்துக்கும் ஒன்றாம் தேதி உண்டு என்பது கெங்கம்மாவுக்குத் தெரியும்.