பாவு முடியட்டும்

தில்லையம்மாளுக்கு இரண்டும் பெண். இரண்டு போதும் என்று அவள் முடிவெடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூற்றைந்தில் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருமுனைச் சுவரில் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதன்மேல்தான் அவள் புருஷன் மாணிக்கவேல் தினமும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ குடிப்பான். படிக்கத் தெரிந்தவன்தான். தெரிந்து என்ன பிரயோசனம்?

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துடறேன்யா" என்று அவள் கேட்டபோதெல்லாம் அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். "போலாம்மா, யாரு வேணான்னா? பாவு முடியட்டும்" என்பான், தேனொழுக.

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மூன்று சேலை நெய்தால்தான் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழை தீரும். பட்டுச்சேலையின் உடல்பகுதியை அவன் நெய்ய, கரைக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ள அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் படுத்தால் பாதிச் சேலையில் தறி நிற்கும். சரியென்று பொறுத்தாள்.

ஆனால் பாவு எங்கே முடிகிறது? பழையதின் நுனி தறியில் இருக்கும்போதே புதுப் பாவு வந்துவிடும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அது அந்த வீட்டில் அவள் வேலை. ஆக, புருஷனின் சாக்குக்கு இத்தனை நாளும் தன் கையாலேயே ஆயுசு கூட்டியிருக்கிறாள்! அது உறைத்த அன்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த முறை மாணிக்கவேல் புதுப் பாவைத் தோளில் கொண்டுவந்து இறக்கி, சாம்பல் கிண்ணத்தையும் எடுத்து வைத்தான். அவள் உட்காரவில்லை.

"பழசு முடிஞ்சிடுச்சு இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பிணைக்கிறேன்."

"வெளையாடறியா? ஒரு பையன் இருந்தா நாளைக்குத் தறியில ஒக்காருவான்மா..."

அப்பாடா, வந்துவிட்டது! ஒரு வருஷமாக அவன் வயிற்றுக்குள் வைத்திருந்தது.

"தறிக்கு ஆளு வேணும்னு என்னால பெத்துப்போட முடியாதுய்யா. உங்க அக்காவுக்கு நாலு பசங்க. ஒருத்தனாவது அஞ்சாவது தாண்டினானா? என் பொண்ணுங்க ரெண்டும் படிக்கணும். மூணாவது வந்தா பெரியவளைத்தான் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்துவே. எனக்குத் தெரியாதா?"

அவன் வெளியே போனான். திரும்பும்போது அடுத்த தெரு அங்கம்மாளைக் கையோடு கூட்டி வந்தான். அங்கம்மாள் கூலிக்குப் பாவு பிணைப்பவள். ஐந்து பெற்றவள். எவனுக்கும் பயப்படாத வாய்.

அவள் உட்கார்ந்து சாம்பலைத் தொட்டதும் தில்லையம்மாள் கிட்டே போய் நின்றாள். போன மாதம்தான் நாள் தள்ளிப்போய், சாமி புண்ணியத்தில் தப்பித்திருந்தாள். இந்தப் பாவு ஏறினால் மறுபடி மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இனி வெட்கம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அக்கா, நீ இதைப் பிணைச்சா நான் இன்னொண்ணு சுமக்கணும்."

"இன்னாடி சொல்றே?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அங்கம்மாள் மாணிக்கவேலை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்பா, இதுக்கா என்னை இட்டாந்தே? எனக்கு அன்னிக்கு ரெண்டோட நிறுத்தணும்னு சொல்ல நாக்கு எழும்பலை. சொல்றவளையாவது விடு." முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எவ வந்து பிணைக்கிறான்னு நானும் பாக்கறேன். தில்லை, நீ கிளம்புடி. புள்ளைங்களை நான் பாத்துக்கறேன்."

தில்லையம்மாள் மாற்றுப்புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் எழுத்தைத் தாண்டும்போது பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"அவ்ளோ தூரம் நடந்தா போவே? ஏறு" என்றான் மாணிக்கவேல். முகம் தொங்கிப்போயிருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவனே வாயைத் திறந்தான். "நீ படுத்துக்கினே சொல்லிக் குடும்மா. நானே பிணைக்கிறேன்."

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் தில்லையம்மாள். "மொதல்ல பெடலை மிதி."