ஊசிக்கு முன் ஒரு கேள்வி

“அப்பா, உன் மூச்சு ஏன் விசில் அடிக்குது?”

இதைக் கேட்டபோது மரியாவுக்கு ஆறு வயது. அப்பாவின் மார்பில் காதை வைத்துப் படுத்திருந்தாள். தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்திருந்த ஏசுபாதம் சொன்னார்: “ஷிப்டுக்குச் சங்கு ஊதறாங்க இல்ல கண்ணு, அதுல ஒரு துண்டு உள்ள பூந்துக்கிச்சு.”

குழந்தை சிரித்தது, தூங்கிவிட்டது. குழந்தையைப் பயமுறுத்தாமல் இருக்கச் சொல்லும் பொய்யைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை ஏசுபாதம் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். கேட்டவர்களிடம் சளி என்றார், பனி என்றார். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலான பிறகும் படி ஏறும்போது நடுவில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

இப்போது அவருக்கு எழுபது வயது. போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து கோலார் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, “மைன்ஸ்ல வேல செஞ்சீங்களா?” என்று கேட்டார். “இல்ல சார், பீடி” என்றார் ஏசுபாதம். வாழ்க்கையில் ஒரு பீடி கூடத் தொடாதவர். மரியா வாயைத் திறப்பதற்குள் அவள் கையை அழுத்திவிட்டார். அடுத்த தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இந்த வருஷம்தான் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிமோனியா ஊசியும் ஃப்ளூ ஊசியும் இலவசமாகப் போடப்போவதாக எங்கள் சுகாதார நிலையத்தில் அறிவித்தார்கள். மருந்து குறைவு. அதனால் முதல் வியாழக்கிழமை நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அடுத்த வாரம், மருந்து இருக்கிற வரை.

ஆஷா திட்டச் சுகாதாரப் பணியாளர் ஷாலினி படிவத்தோடு வீடு வீடாக வந்தாள். ஏசுபாதம் வீட்டு வாசலில் நின்றபடியே கேள்விகளைப் படித்தாள். பெயர், வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

“சுரங்க வேலையால நெஞ்சுல தூசு நோய் எதுனா கீதா, அங்கிள்?”

“கெடையாது.”

“அப்பொ கோலார்ல பத்து நாளு இன்னாத்துக்குப் படுத்துனு இருந்தீங்க? லீவுக்கா?”

“எனக்கு ஊசியே வேணாம்மா. அது கொழந்தைங்களுக்குப் போடறது. கர்த்தர் கூப்ட்டா போய்க்கிறேன்.”

“கர்த்தர் கூப்ட்டா நானும் தடுக்கமாட்டேன். கொசு கூப்ட்டாலும் நிமோனியா கூப்ட்டாலும் போவீங்களா?”

பக்கத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாகம்மா சத்தமாகச் சிரித்தாள். ஏசுபாதம் உள்ளே போய்விட்டார். ஷாலினி தூசு நோய்க்கான கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் படிவத்தை மடித்துக்கொண்டாள். “புதன்கிழமை சாயங்காலம் திரும்ப வரேன்” என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள். அவசரமாக ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு ஒரு நடை மிச்சம்.

மரியாவுக்குப் பெங்களூரில் வேலை. அதிகாலை ரயிலில் போய் இருட்டியபின் வருகிறவள். அவளும் கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் கோபப்பட்டாள். “சின்ன வயசுல நான் அழ அழ ஊசிக்குத் தூக்கினு போனியே, அப்போ மட்டும் கர்த்தர் எங்க போயிருந்தாரு?” இரண்டு நாளாக அப்பாவும் மகளும் உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

அவருக்கு ஊசி பயமில்லை. படிவத்தில் இருந்த அந்தக் கட்டம்தான் பயம்.

மரியா கைக்குழந்தையாக இருந்த காலம். ஏசுபாதமும் நாகம்மாவின் கணவர் சுப்பிரமணியும் நந்திதுர்க் சுரங்கத்தில் ஒரே துளை மிஷினைப் பிடித்தவர்கள். தொழிலாளிகளுக்கு அவ்வப்போது நெஞ்சுப் படம் எடுப்பார்கள். படத்தில் தூசு தெரிந்தால் ஆளைச் சுரங்கத்துக்கு மேலே தரை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கீழே வேலை செய்கிறவனுக்கு உள்ள வரும்படி மேலே கிடையாது. ஏசுபாதத்தின் மூச்சு அப்போதே மாறியிருந்தது. சுப்பிரமணிக்கு நல்ல நெஞ்சு. “உன் டோக்கன குடு” என்று வாங்கிக்கொண்டு, தன் படத்தை எடுத்துவிட்டு, மறுபடி வரிசையில் நின்று, ஏசுபாதம் என்ற பெயரிலும் தானே போய்ப் படத்தட்டில் மார்பை அழுத்தி நின்றார். படம் எடுக்கிறவர் டோக்கன் நம்பரைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். சுரங்கம் மூடும்வரை ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தது. பழைய கோப்பில் ஏசுபாதத்தின் நெஞ்சு இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது.

சுப்பிரமணி இறந்து எட்டு வருஷம். கம்பெனி அவருக்குக் கொடுத்த லைன் வீட்டை நாகம்மா பேருக்கு மாற்றும் மனு இன்னும் கோலாரில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது படிவத்தில் தூசு நோய் என்று எழுதினால் பழைய கோப்பைத் தேடுவார்கள். அது எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று கேட்பார்கள். சுப்பிரமணி செய்தது தெரிந்தால், அவர் பேரில் உள்ள வீடு நாகம்மாவுக்குக் கிடைக்குமா? ஏசுபாதத்தின் கணக்கு இதுதான். ஜெபத்தில் முழங்காலிட்டபோதும் அவருக்கு இந்த இடத்தைத் தாண்டி வார்த்தை வரவில்லை. அடுத்த வார வரிசைக்குப் போனாலும் இதே கேள்விதான் வரும் என்று, ஊசியில்லாமல் அடுத்த குளிரைச் சமாளித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் நாகம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. ஒரு கிண்ணத்தில் கீரை மசியலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னாண்ணா, உங்க பொண்ணு காலீல அழுதுனே ரயிலுக்குப் போறா. ஊசிக்குப் பயப்படற ஆளா நீங்க? டைனமைட் வெச்ச ஆளு!”

“பயம் இல்லம்மா.”

“பின்ன?”

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை, யாரிடம் சொல்லக்கூடாது என்று காத்தாரோ அவளிடமே சொன்னார். டோக்கனைச் சொன்னார். வீட்டையும் சொன்னார்.

நாகம்மா முதலில் சிரித்தாள். “கம்பெனியே போச்சு. வூட்ட புடுங்க வர்றவன் உங்க நெஞ்சுப் படத்தப் பாத்துட்டா வருவான்? நல்லா யோசிச்சீங்க போங்க!” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்ட்டாரு. எனக்குத் தெரியும்ணா. மைன்ஸ் மூடினப்புறம் நீங்க கொல்லிமேட்டு ஏத்தத்துல நின்னு நின்னு வருவீங்க பாருங்க, அத்தப் பாத்துட்டு வந்து சோறு துன்னமாட்டாரு. ‘நல்லது பண்றதா நெனச்சி நாந்தான் அவன கீழயே அனுப்பி வெச்சிட்டேன்’னு சொல்லுவாரு. சாகற வரிக்கும் அது அவரு மனசுல இருந்துச்சு.”

ஏசுபாதத்துக்கு இது தெரியாது. நண்பன் தனக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்டுச் சந்தோஷமாகப் போனான் என்றே நினைத்திருந்தார்.

“இப்போ நீங்க அவருக்காவ ஊசி வேணாம்னு உக்காந்துனு கீறீங்க. நாளிக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுனா அதுவும் அவரு தலமேலதான். செத்தவருக்கு இன்னும் எத்தினி பாரம் ஏத்துவீங்க?”

சாயங்காலம் ஷாலினி வந்தாள். ஏசுபாதம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் படிவம் எந்த ஆபீசுக்குப் போகும் என்று கேட்டார்.

“ஊசி போடற எடத்துக்குத்தான் அங்கிள். யாருக்கு மொதல்ல போடணும்னு பாக்க. வேற எங்கியும் போவாது.”

“ஊசி போட்டா தூசு போயிடுமா?”

“பொய் சொல்லமாட்டேன். தூசு போவாது. அதுமேல புதுசா காய்ச்சல் வந்து உக்காராம ஓரளவுக்குத் தடுக்கும். அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ அவருக்குப் பிடித்திருந்தது. பெரிதாக வாக்குக் கொடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

“கீதுன்னு எழுதும்மா” என்றார். “நந்திதுர்க்ல இருவத்தி மூணு வருசம். பீடி குடிச்சது இல்ல.”

வியாழக்கிழமை மரியா லீவு போட்டு அழைத்துப் போனாள். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. ராத்திரி லேசாக உடம்பு சுட்டது. மறுநாள் கஞ்சி குடித்து எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் மற்றவர்களின் முறை. நாகம்மாவும் போட்டுக்கொள்ள வேண்டியவள்தான். “எனக்குப் போடணும்னுதான் ஆச. கூட்டத்துல நிக்க இந்தக் காலு ஆவாதும்மா. நின்னவங்களுக்குப் போடட்டும்” என்று அவள் ஷாலினியிடம் சொன்னது சுவர் வழியாக ஏசுபாதத்துக்குக் கேட்டது.

எங்கள் ஊரில் குழாயடியில் குடம் வைப்பது போல எந்த வரிசைக்கும் கல் வைப்பது வழக்கம். கல்லில் பெயர் எழுதி வைத்துவிட்டால் ஆள் வரும்வரை அந்த இடம் அவருடையது. அதை யாரும் நகர்த்தமாட்டார்கள்.

வியாழக்கிழமை விடிகாலையில் மரியாவை வழியனுப்பிவிட்டு ஏசுபாதம் வாசலிலேயே நின்றார். மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்பட்ட சத்தம் கேட்டது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள், தெரு காலியானது. கொல்லையில் கிடந்த தட்டையான ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். மூன்று இடத்தில் நின்றார். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனியவில்லை. சும்மா நின்று மூச்சு வாங்கினார்.

சுகாதார நிலையத்தின் கதவு பூட்டியிருந்தது. ஒருவரும் இல்லை. கதவுக்கு நேர் எதிரே, சிமெண்டு பெஞ்சை ஒட்டி முதல் இடத்தில் கல்லை வைத்து, சாக்பீஸால் ‘நாகம்மா, சுப்பிரமணி’ என்று இரண்டு பெயரையும் எழுதினார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

கல்லைப் பார்க்கிற ஷாலினி போய் நாகம்மாவை அழைத்து வருவாள். அவள்தான் கல்லை வைத்திருப்பாள் என்று நாகம்மா நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ளட்டும். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சர்ச் பக்கத்துப் பாதையாக வீட்டுக்குத் திரும்பினார்.