திங்கட்கிழமைக் காயம்

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வலது கையை இடது கையால் தாங்கியபடி வீட்டுக்குள் வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை இழுக்கும்போது தோள் பிடித்துக்கொண்டதாம்.

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டியா?” என்றாள் சின்னவள்.

“அவர் கிளம்பிட்டாரு. வீட்டுக்குப் போனா போனை அணைச்சு வச்சிடுவாரு, மகராசன். திங்கக்கிழமை சொல்லிக்கலாம்.”

“திங்கக்கிழமையா?”

படிப்பின் கடைசி ஆண்டில், தொழிலாளர் இழப்பீட்டை ஆராயும் ஒரு நிறுவனத்தில் சின்னவள் பயிற்சி மாணவி. அவளுக்குக் கொடுத்திருந்த ஆய்வே திங்கட்கிழமைகளைப் பற்றியது. மற்ற நாட்களைவிட அன்று காயக் கோரிக்கைகள் கூடுதலாக வருகின்றன. விடுமுறையில் வீட்டில் பட்ட அடியை வேலையில் பட்டதாகச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பழைய கோப்புகளைப் படித்து, சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றைத் தனியே பிரிப்பது அவள் பொறுப்பு. “உனக்கு நல்ல மோப்ப சக்தி இருக்கு” என்று ஆய்வுத் தலைவி பாராட்டியபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவின் கோரிக்கையை யாராவது அப்படித் தனியே பிரித்துவிட்டால் சிகிச்சைச் செலவு கைக்காசு. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளமும் வராது.

சனிக்கிழமை அக்கா இடது கையால் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

“பால்கனியில நிக்காதக்கா. எதிர்வீட்டுல பாப்பாங்க.”

“பாத்தா என்ன? துணி காயப்போடறது குத்தமா?”

“நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தா, நல்லாத்தான் வேலை செஞ்சிட்டு இருந்தாளேன்னு சொல்லுவாங்க.”

“அப்ப மூச்சு விடலாமா? இல்ல, அதுக்கும் சாட்சி வச்சுக்கணுமா?”

சிரித்தபடிதான் சொன்னாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் இருவருமாகத் துணி அலமாரியை நகர்த்தியது நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது அக்கா முகம் சுளித்தாளா? ஒரு தடவை தோளை நீவிக்கொண்டாள். இல்லை, அது வேர்வையைத் துடைத்ததாக இருக்கலாம். அக்காவைச் சந்தேகப்படுகிறோம் என்று தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் கேள்வி போகவில்லை. பல் இடுக்கில் மாட்டிய துணுக்குபோல அதையே நெருடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை எதிரில் உட்காரவைத்தாள். சனிக்கிழமை என்ன செய்தாய்? கனமாக ஏதாவது தூக்கினாயா? அதற்கு முன்பு இந்தத் தோளில் வலி இருந்ததா? அக்கா தடுமாறிய இடங்களில் திருத்தினாள், மறுபடி கேட்டாள். இதைத்தான் கேட்பார்கள். இதற்கு இப்படிச் சொன்னால் போதும்.

“அலமாரியை நகர்த்தினப்போ வலிச்சுதா?” என்றாள் நடுவில்.

அக்கா அவளையே பார்த்தாள். “இது அவங்க கேக்கறதா, நீ கேக்கறதா?”

“அவங்க கேக்கலாம்.”

“அவங்களுக்கு நம்ம வீட்டு அலமாரி எப்படித் தெரியும்?”

அக்கா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சின்னவள் பயிற்சிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அக்காவோடு போனாள். சலவைக்கூடத்தின் ஓரத்தில், சோப்பு நெடியும் நீராவியும் புகுந்த சிறிய அறை. எப்படிப் பட்டது என்று சூப்பர்வைசர் கேட்டதுமே அக்கா மளமளவென்று சொன்னாள். சனிக்கிழமை கனமாக எதையும் தூக்கவில்லை. இதற்குமுன் வலி இருந்ததில்லை. ஒரு சொல் பிசகவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரும்மா சொல்லிக்கொடுத்தது? பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. நான் சனிக்கிழமையைப் பத்தி இன்னும் கேக்கவே இல்லையே.”

கோப்பில் இப்படி ஒரு வாக்குமூலத்தைப் படித்திருந்தால் சின்னவள் யோசிக்காமல் தனியே பிரித்து வைத்திருப்பாள்.

அக்காவின் குரலே மாறிவிட்டது.

“சார், என் தப்புதான். மெஷின் கதவுல காலை ஊன்றி இழுத்தேன். போர்வையெல்லாம் உள்ள முறுக்கிக்கிச்சு. நிறுத்தி, பிரிச்சுத்தான் எடுக்கணும், தெரியும். மேல வார்டுல இருந்து போன் மேல போன். நிறுத்த நேரமில்ல. மிதிச்சு இழுத்தேன், சட்டுனு விட்டுடுச்சு, பின்னால இருந்த வண்டியில போய் மோதினேன். இடது பக்கம் பிடிச்சுக்க எதுவும் கிடைக்கல. இந்தக் கையாலதான்...”

“கால் ஊன்றாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உங்க எல்லாருக்கும் இதே பழக்கம்!” என்று கத்தினார் அவர். கத்திவிட்டுச் சற்று நேரம் இயந்திரங்கள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தார். வேலையின்போது பட்ட காயம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, “டாக்டர் பாக்கட்டும். அவர் சொல்றதுதான் முடிவு” என்றார்.

மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“கால் ஊன்றினதை என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என் தப்புன்னு எழுதிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

எழுதிடுவியோ. சின்னவள் அந்தச் சொல்லிலேயே நின்றாள்.

“இழப்பீட்டுச் சட்டம் அதைக் கேக்காதுக்கா. அவசரத்துல யார் எப்படி இழுத்தாலும், வேலை செய்யும்போது பட்டுச்சான்னுதான் பாக்கும்.”

“ரெண்டு நாளா என்னென்னவோ சொல்லிக்கொடுத்த. இதைச் சொல்லல.”

மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நம்பினேன் என்று சொன்னால் பொய். நம்பவில்லை என்பதும் முழு உண்மையில்லை. செவிலி கதவைத் திறந்து அழைத்தாள். சின்னவளும் எழுந்தாள்.

“நீ இங்கயே இரு,” என்றாள் அக்கா. கோபமில்லை, களைப்புதான். “நானே பேசிக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அக்காவின் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. என்ன சொல்கிறாளோ, எதை விட்டுவிடுகிறாளோ என்று சின்னவளுக்குக் கால் பரபரத்தது. இரு கைகளாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.