அணைக்காத இன்ஜின்

"கார்ல வர்றதா இருந்தா வா. இல்லேன்னா போன்லயே பேசிக்கலாம்" என்றாள் அக்கா.

"ஏன், பஸ்ல வந்தா நான் உன் தங்கச்சி இல்லையா?"

"தங்கச்சிதான்டி, யாரு இல்லேன்னா? அப்பா கார் சத்தத்த ஒரு தடவ கேக்கணும் எனக்கு. கண்ணுதான் போச்சு, காது இருக்கே."

அக்கா வீடு மலைமேல். கண் மங்கிய பிறகு அவள் கீழே இறங்குவதே இல்லை. அப்பாவின் கார் எங்களிடம் இருக்கிறது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய கார். அதைத் தன் மூன்றாவது பெண் என்பார் அப்பா. சின்ன வயதில், சாயங்காலம் தெருமுனையில் அது திரும்பும் சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் படிப்பதுபோலப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்காக எத்தனையோ தடவை கிளம்பினோம். பாதி மலையிலேயே ஒரு தீய்ந்த நாற்றம் வரும். என் கணவர் உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். "பாவம், கொஞ்சம் இளைப்பாறட்டும்" என்பார். அது எவ்வளவு இளைப்பாறினாலும், மறுபடி ஏறத் தொடங்கியதும் அதே நாற்றம். வந்த வழியே திரும்பிவிடுவோம்.

இந்தத் தடவை வேறு மெக்கானிக்கிடம் போனோம். அவர் அளவுக்கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்.

"கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பா இருக்கணும் சார். இது தார் மாதிரி இருக்கு. எப்ப மாத்தினீங்க?"

"அதெல்லாம்கூட மாத்துவாங்களா?" என்றார் இவர்.

"எங்க அப்பா மாத்தியிருப்பாரு" என்றேன்.

"அவர கேட்டுச் சொல்றீங்களா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

"அப்ப சரி, மாத்தலேன்னே வச்சுப்போம்."

"மொத்தமா வடிச்சுட்டுப் புதுசா ஊத்திடுங்க" என்றார் இவர் அவசரமாக.

"வேணாம் சார். இவ்வளவு தேஞ்சதுல ஒரேயடியா மாத்தினா கியர் வழுக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சிடும். கொஞ்சம் வடிச்சு, அதே அளவு புதுசு ஊத்தறேன். ஓட்டிட்டு வாங்க, மறுபடி வடிக்கலாம்."

மழைக்காலம் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தோம். ஒவ்வொரு தடவையும் துணியில் கறை கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அக்கா போனில், "இப்ப என்ன நிறம்?" என்று கேட்பாள். "செங்கல் நிறம் வந்தாச்சு" என்பேன்.

கடைசி நாள் மெக்கானிக் கேட்டார். "மேல ஏறும்போது சூடானா என்ன செய்வீங்க?"

"அணைச்சிடுவேன்" என்றார் இவர் பெருமையாக.

"அங்கதான் சார் தப்பு. இன்ஜின் ஓடினாத்தான் ஆயில் சுத்தும், சுத்தினாத்தான் சூடு வெளிய போகும். ஓரமா நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு ஓட விடுங்க. ஓடி வந்தவன் மூச்ச நிறுத்தியா இளைப்பாறுவான்?"

வீட்டுக்கு வந்து கார் கதவைப் பூட்டும்போது இவர், "உங்க அப்பாவும் அணைக்கத்தான் செய்வாரு. அவரப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

"போனவர் மேல பழியப் போடுங்க."

மறுநாள் கியரைச் சின்னதிலேயே நிறுத்திவைத்து, நடப்பதுபோல ஏறினோம். பாதி மலை தாண்டியது. அக்கா வீட்டுக்கு நேர் கீழே, கடைசி வளைவில், லேசாக அந்த நாற்றம். இவர் கை சாவிக்குப் போயிற்று.

"கைய எடுங்க!"

எடுத்தார். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. என் போன் அடித்தது.

"ஏன்டி நின்னுட்டீங்க?"

"நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குதே. ஏறி ஏறி வந்துச்சு, இப்ப ஒரே எடத்துலேருந்து வருது. திரும்பிடாதீங்கடி."

"திரும்பல அக்கா. சூடு எறங்கட்டும்னு நிக்கறோம்."

"அணைச்சிடுவாரா?"

"அணைக்கக் கூடாதாம். ஆறுற வரைக்கும் ஓடிட்டே இருக்கணுமாம்."

"அப்படியா? அப்ப மெதுவா ஆறட்டும்."

அவள் போனை வைக்கவில்லை. கார் ஜன்னல் வழியாகக் கேட்ட அதே உறுமல் போனுக்குள் மெல்லிசாக, எங்கோ தெருமுனையிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

"புத்தகத்த எடுத்து வச்சுக்கோடி" என்றாள் அக்கா.

இவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "நாத்தம் போயிடுச்சு. கிளம்பலாமா?"

"கொஞ்சம் இருங்க" என்றேன்.